வேல் போகும் வழியில் வன்னி

ஆனையிறவில் நாங்கள் கால் வைத்தபோது விடியப்புறம் நாலரை மணி. சோளகம் எதிர்முகமாக அடித்தது. வேல் தூக்கி வந்த ஐயா, அதன் தண்டில் கட்டியிருந்த பட்டு பறந்துவிடாமல் ஒரு கையால் அமர்த்திப் பிடித்தபடி நடந்தார். இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர். வாய் திறந்து மூச்சு வாங்கினால் நாக்கில் கரித்தது. அன்றைக்கு எங்கள் கூட்டத்தில் முப்பத்திநாலு பேர். ஆகச் சின்னவனுக்குப் பதினாறு வயது. ஆக மூத்த அம்மாவுக்கு எழுபத்தொன்று. எல்லோருக்கும் வெறுங்கால்.

செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் போகும் பாதயாத்திரை இது. தொண்டைமானாற்றங்கரையில் தொடங்கி, கிழக்குக் கரையோடு தெற்கே இறங்கி, ஏழு மாவட்டங்களைத் தாண்டி, ஆடிக் கொடியேற்றத்துக்குக் கதிர்காமம் போய்ச் சேரும். ஐம்பது நாள் அளவில் எடுக்கும். இதைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் உகந்தைக்கு அப்பால் வரும் காட்டைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள். குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று அந்த இடங்களின் பெயர்களைச் சொன்னாலே அடியார்களுக்கு மெய்சிலிர்க்கும். யானையும் கரடியும் உலவும் காடு. நாள் கணக்கில் நடந்தாலும் ஊர் வராது. எழுத நிறைய இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இந்த நடையில் நெஞ்சை ஆக அழுத்தும் பகுதி எது என்று என்னைக் கேட்டால், ஆனையிறவுக்கும் கொக்கிளாய்க்கும் நடுவில் கிடக்கும் வன்னி என்றுதான் சொல்வேன். பதினோரு இரவு அந்த மண்ணில் படுத்தெழும்பினேன்.

நடைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. மூன்று மணிக்கு எழும்பி, கிணற்றடியில் வார்த்து, வேலுக்குக் கற்பூரம் காட்டி, நாலு மணிக்கு முன்னர் றோட்டில் நிற்கவேண்டும். ஒன்பதரைக்குப் பிறகு கார்ப்பற் றோட்டில் உள்ளங்காலை வைக்க ஏலாது. பிறகு மரநிழல்தான், பின்னேரம் நாலு மணி மட்டும். இரவுக்குக் கோயில் மண்டபம் கிடைத்தால் மண்டபம், பள்ளிக்கூட விறாந்தை கிடைத்தால் விறாந்தை, இரண்டும் இல்லாவிட்டால் மரத்தடி. கூடாரம் என்று ஒருவரிடமும் இல்லை. விரித்துப் படுக்க வெட்டிப் பிரித்த உரப்பை, ஒரு போர்வை, மாற்றுடுப்பு, ஒரு சில்வர் கோப்பை, ரோச் லைற், திருநீற்றுப் பை. இதற்குமேல் சுமந்தால் மூன்றாம் நாள் தோள் பேசும். பேர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமும் கிடையாது. ஆணும் பெண்ணும் எல்லோரும் "சாமி"தான். பதினாறு வயதுப் பெடியனை எழுபத்தொரு வயது அம்மா "சாமி, அந்தத் தண்ணிக் கானை இஞ்சை தாங்கோ" என்று கூப்பிடுவதை முதல்நாள் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

பரந்தனில், எஞ்சிக் கிடக்கும் பழைய இரசாயனத் தொழிற்சாலைச் சுவர்களைத் தாண்டிக் கிழக்கே திரும்பினோம். கிளிநொச்சி நகரத்துக்குள் போகவில்லை. பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வரை ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல். பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலத்தில் போய்விடலாம். நாங்கள் நாலு நாள் எடுத்தோம், கண்டாவளைப் பக்கம் சுற்றியதால். இரணைமடுத் தண்ணீரில் சிறுபோகம் முழங்கால் உயரத்துக்கு நின்றது. வரம்பில் கொக்கு, வாய்க்காலில் எருமை, விடியற்காலைக் குளிர்ச்சி. புளியம்பொக்கணை நாகதம்பிரான் வாசலில் ஓர் இரவு. பங்குனி உத்தரப் பொங்கலுக்குச் சனம் நெருக்கியடிக்கும் அந்த வெளிவீதியில் நாங்கள் முப்பத்திநாலு பேரும் ஒரு காவல் நாயும் மட்டும். எந்த ஊரில் இறங்கினாலும் எங்கள் முதல் கேள்வி ஒன்றுதான்: "கிணறு எங்கை?"

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். நடந்து போகிறவனுக்குச் சோறு இரண்டாம் பட்சம். ஒரு நேரம் பட்டினி கிடந்தும் நடக்கலாம், தண்ணீர் இல்லாமல் ஒரு கட்டையும் நகர ஏலாது. வன்னியில் ஒவ்வோர் ஊர்த் தண்ணீருக்கும் ஒவ்வொரு ருசி. பரந்தன் பக்கம் சில கிணறுகளில் வாய் வைத்தால் உவர். முல்லைத்தீவுக் கரையோரம், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், மணலுக்குள் கிண்டிய கிணற்றில் இளநீர் போல இனிக்கிறது. அந்தக் கால வழிக் கிணறுகள் றோட்டோரம் மடத்தோடு சேர்ந்து இருந்தன. துலாவோ கப்பியோ போட்டு, ஆரும் வந்து அள்ளக்கூடிய மாதிரி. இப்போது கிணறுகள் வளவுக்குள். மேலே கம்பிவலை, உள்ளே மோட்டர். வீட்டுக்காரர் வயலுக்குப் போய்விட்டாலோ கரண்ட் நின்றுவிட்டாலோ கிணறு நிறையத் தண்ணீர் கிடந்தும் வழிப்போக்கனுக்கு இல்லை. இரண்டாம் நாள் தர்மபுரத்துக்கு இந்தப் பக்கம் அப்படித்தான் நடந்தது. படலையில் நின்று கூப்பிட்டுப் பார்த்தோம், ஆளில்லை. கிணறு கண்ணுக்குத் தெரிகிறது, கயிறு இல்லை. அடுத்த வளவில் ஒரு சின்னப் பிள்ளை ஓடிவந்து, கொடியில் காய்ந்த தாயின் சேலையை உருவிப் பால் வாளியில் முடிச்சுப் போட்டு அள்ளித் தந்தாள். ஏழு எட்டு வயது இருக்கும். ஆரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

விசுவமடுவில் எனக்குக் கால் போயிற்று. இடது உள்ளங்காலில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் கொப்புளம், தண்ணீர் கட்டித் தளும்பியது. பஸ் ஏறிப் போய் முல்லைத்தீவில் காத்திருப்போமா என்ற நினைப்பு வந்துவிட்டது. மூத்த அம்மா என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்தார். மறுத்துப் பார்த்தேன், விடவில்லை. திருநீற்றுப் பைக்குள்ளிருந்து தையல் ஊசி எடுத்து, விளக்கில் சுட்டு, நூலை வேப்பெண்ணெயில் தோய்த்துக் கோத்தார். கொப்புளத்தின் ஒரு விளிம்பில் ஏற்றி மறு விளிம்பில் எடுத்தார். தோலைக் கிழிக்கவில்லை. நூலை இரண்டு பக்கமும் விரற்கடை நீளம் விட்டு நறுக்கிவிட்டார். "நூல் வழியத் தண்ணி தன்பாட்டில் வடியும். தோலை உரிச்சுப்போட்டால் நடக்கேலாது சாமி." காலையில் கொப்புளம் வற்றிப் பாதத்தோடு ஒட்டிப் போயிருந்தது. இதை அவர் எங்கே பழகினார் என்று கேட்டேன். இடம்பெயர்ந்து நடந்த காலத்தில் என்றார். அதற்குமேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வன்னியில் நடையை ஆரும் பயிற்சியெடுத்துப் பழகவில்லை. வேண்டி நடக்கும் இந்த நடைக்கு முன்னர், வேறு வழியில்லாமல் நடந்த நடை ஒன்று இங்கே எல்லோர் காலிலும் இருக்கிறது.

விசுவமடு தாண்டி உடையார்கட்டுப் பக்கம் பாலை மரங்கள் பழுத்துக் கிடந்தன. வைகாசி, ஆனியில்தான் பாலைப்பழம். மஞ்சள் நிறத்தில், வேப்பம்பழ அளவு. தேனில் ஊறவைத்த மாதிரி ஓர் இனிப்பு. பெடியன் ஏறிக் கொப்பை உலுப்ப நாங்கள் சாரத்தை விரித்துப் பிடித்தோம். பத்துப் பழம் தின்றால் பால் இறுகி உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். தேங்காயெண்ணெய் பூசித்தான் வாயைத் திறக்கவேண்டும். அரைமணித்தியாலம் ஒருவரும் பேசாமல் சிரித்துக்கொண்டு இருந்தோம். அந்த மரத்தின் நிழல் வேறு. பாலை நிழலில் மத்தியான வெயில் தரையைத் தொடாது. றோட்டு அகன்று மழமழவென்று வந்துவிட்டது நல்லதுதான்; ஆஸ்பத்திரிக்கு அவசரமாய்ப் போகிறவர்களுக்கு அது உயிர். ஆனால் றோட்டோரத்தில் கைகோத்து நிற்கவேண்டிய பாலையும் மருதும் வேம்பும் நீண்ட தூரத்துக்கு இல்லை. நாங்கள் நடந்த பகுதியில் சில இடங்களில் ஒரு நிழலுக்கும் அடுத்த நிழலுக்கும் நடுவே மூன்று கிலோமீற்றர் கிடந்தது.

நடக்கிறவர்களுக்காக வழியையே பேணுகிற இடமும் உண்டு. ஸ்பெயினில் சந்தியாகோ கோயிலுக்கு நடக்கும் பழைய வழி ஒன்று இருக்கிறது. 1993இல் யுனெஸ்கோ அந்த வழியையே உலக மரபுரிமையாகச் சேர்த்தது. கட்டடத்தை மட்டும் சேர்க்கவில்லை, நடக்கும் பாதையைச் சேர்த்தது. வழிநெடுகச் சிப்பி அடையாளம், நடப்போருக்கென்றே விடுதிகள், குடிதண்ணீர்க் குழாய்கள். நம்முடைய வழிக்கு ஓர் அடையாளக் கல்லும் கிடையாது. போர்க்காலத்தில் வடக்கிலிருந்து நடை அறுந்துபோய், பிறகு மெல்ல மெல்ல ஒட்டிக்கொண்டது. அதை ஒட்டவைத்தது வேல் தூக்கிய கிழவர்களும் படலை திறந்த வீட்டுக்காரரும்தான்.

புதுக்குடியிருப்பைக் கடந்த பிறகு கூட்டத்தில் பேச்சுக் குறைந்தது. முள்ளிவாய்க்காலுக்குள் நுழைந்தபோது வேல் தூக்கிய ஐயா "அரோகரா" சொல்வதை நிறுத்திவிட்டார். ஆரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நந்திக்கடல்; நடுவில் அந்த ஒடுங்கிய நிலம். 2009 மே மாதத்தில், போரின் கடைசி நாட்களில், அதற்குள் எத்தனை சனம் நெரிந்து கிடந்தது என்பதை வாகனத்தில் போகிறவன் உணரமாட்டான். நாலு நிமிடத்தில் தாண்டிவிடுவான். நடந்தால்தான் அந்த நிலம் எவ்வளவு சிறியது என்று கால் அளந்து சொல்கிறது. வட்டில்லாத பனைகள் இன்னும் அங்கங்கே நிற்கின்றன. அவற்றினடியில் வடலிகள் ஆளுயரத்துக்கு வந்துவிட்டன. மே 18 கழிந்து இரண்டு கிழமைதான். ஒரு படலையில் ஒரு பெண் எங்களை மறித்து, சிரட்டையில் கஞ்சி வார்த்தார். அரிசி, தண்ணீர், உப்பு. வேறொன்றும் அதில் இல்லை, இருக்கவும் கூடாது. "அண்டைக்கு இதுதான் இருந்தது. குடிச்சிட்டுப் போங்கோ." வேலைப் படலைத் தூணில் சாய்த்து வைத்துவிட்டு எல்லோரும் நின்றபடியே குடித்தோம். அவர் வேலுக்கு முன்னால் கும்பிட்டார். என்ன வேண்டினாரோ, உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

வட்டுவாகல் பாலத்தை விடிய முன்னர் கடந்தோம். தண்ணீரோடு தண்ணீராகக் கிடக்கும் ஒடுங்கிய பாலம்; ஓரத்தில் வலை வீசுகிறவர்களின் விளக்கு. முல்லைத்தீவுக் கரையில் 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோனவர்களுக்கான நினைவிடத்தில் ஒரு கற்பூரம் கொளுத்திவிட்டு, மேற்கே முள்ளியவளைக்குத் திரும்பினோம். ஞாயிறு இரவு காட்டா விநாயகர் கோயிலில் தங்கவேண்டும், திங்கள் வற்றாப்பளைப் பொங்கல். சந்நிதியில் புறப்படும் நாளைப் பெரியவர்கள் இதற்கென்றே கணக்குப் பார்த்து வைப்பார்கள்.

வற்றாப்பளைக் கண்ணகை அம்மனுக்கு வைகாசியில் பொங்கல். அதற்கு ஒரு கிழமை முந்திய திங்கட்கிழமை, சிலாவத்தைத் தீர்த்தக்கரைக்கு ஊர்வலமாய்ப் போய்க் கடல்நீர் எடுத்து வருவார்கள். அந்த உப்புநீரை வார்த்துத் திரியிட்டுக் காட்டா விநாயகர் கோயிலில் ஏழு நாள் விளக்கெரியும். பிறகு வற்றாப்பளைக்குப் போகும். சின்ன வயதிலிருந்து கேள்விப்பட்ட கதை. கண்ணால் கண்டது அன்றுதான். நெருக்கத்துக்குள் ஒரு தூணோடு ஒட்டி நின்று பார்த்தேன். சுடர் பெரிதாக இல்லை, பெருவிரல் நகத்தளவு. காற்றுக்கு ஒருமுறை சாய்ந்து நிமிர்ந்தது. பக்கத்தில் நின்ற ஒரு தாய் தன் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துவிட்டு, கையிலிருந்த குழந்தையின் முகத்தை விளக்கின் பக்கம் திருப்பிப் பிடித்தார். எப்படி எரிகிறது என்று விளக்கம் கேட்க எனக்குத் தோன்றவில்லை. மதுரையை எரித்துவிட்டு வந்தவள், ஆறாத கோபத்தோடு இடம் இடமாய் நடந்து, பத்தாவதாய்த் தங்கிய இடம் இது, பத்தாம்பளைதான் வற்றாப்பளை ஆயிற்று என்பது ஊர்ப் பேச்சு. நடந்து களைத்து வந்தவளுக்கு நந்திக்கடற்கரையில் பொங்கிப் படைக்கிறார்கள். அந்த இரவு பாற்செம்பும் காவடியுமாகச் சனம் வந்துகொண்டே இருந்தது. 2009இல் இந்த ஊரில் விளக்கேற்ற ஓர் ஆள் இருக்கவில்லை என்று நினைத்துப் பார்த்தால், அந்த நெரிசலில் மிதிபடுவதுகூடப் பாக்கியமாகத் தெரிந்தது.

பொங்கல் முடிந்து தெற்கே. அளம்பில் பக்கம் ஒரு கத்தோலிக்கக் குடும்பம் மத்தியானச் சாப்பாடு தந்தது. அன்றைக்கு எங்களுக்காக வீட்டில் மீன் காய்ச்சவில்லை. அடுப்பைச் சாணியால் மெழுகிப் புதுச் சட்டியில் சமைத்தோம் என்று வீட்டுக்கார அம்மா சொன்னார். கத்தரிக்காய்க் குழம்பு, பருப்பு, முருங்கையிலை வறை, மோர். கும்பிட்டுவிட்டு எழும்பினால், தன் மகனுக்கு வேலின் முன்னால் திருநீறு பூசிவிடச் சொன்னார்.

செம்மலை தாண்டி நாயாற்றுக்குப் போகையில் காடு றோட்டை நெருங்குகிறது. வழியில் ஆவி பறக்கும் யானை இலத்தி கிடந்தது. முன்னால் போனவர்கள் கையைத் தூக்க, எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டோம். மூத்த அம்மா நடுவில், வேல் முன்னால், பெடியன்கள் கடைசியில். மூன்று கிலோமீற்றர் அப்படியே. யானை வரவில்லை, கொப்பு முறியும் சத்தம் மட்டும் கூடவே வந்தது. நாயாற்றுக் கரையில் தென்பகுதி மீனவர்களின் வாடிகள். இந்தக் கரையில் கடலுக்காகவும் காணிக்காகவும் கோயில் மண்ணுக்காகவும் நடக்கும் வாக்குவாதங்களும் வழக்குகளும் எனக்குத் தெரியும்; என் ஊர்ச் சனத்தின் பக்கம்தான் நான் நிற்கிறேன். அன்று வேலைக் கண்டதும் ஒரு வாடிக்காரர் வலையைப் போட்டுவிட்டு எழும்பி, "கதரகம தெய்யோ" என்று இரண்டு கையும் கூப்பி, ஒரு பானைத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார். அதையும் எழுதாவிட்டால் பொய் எழுதியவன் ஆவேன்.

கொக்குத்தொடுவாய். 1984 டிசம்பரில் கொக்கிளாய், கருநாட்டுக்கேணி, கொக்குத்தொடுவாய், தென்னமரவடி என்று இந்த வரிசையில் இருந்த தமிழ்ச் சனம் முழுவதும் எழும்பி ஓடவேண்டி வந்தது. திரும்பி வர இருபத்தைந்து வருடத்துக்குமேல் எடுத்தது. 2023 ஜூனில் இங்கே குடிதண்ணீர்க் குழாய் தாழ்க்கக் கிண்டிய இடத்தில் மனித எலும்புகள் வந்தன. அந்த இடத்தை நாங்கள் தலைகுனிந்து கடந்தோம். அன்றிரவு எங்களுக்கு வளவு தந்த பெரியவர், திரும்பி வந்த கதையைச் சொன்னார். வீடு இல்லை, வேலி இல்லை, மண்டிய காடு. எது தன் காணி என்று தெரியவில்லை. இரண்டு நாள் கத்தியோடு காட்டை வெட்டிப் பார்த்தாராம். மூன்றாம் நாள் கால் ஒரு கட்டில் இடறியது. கிணற்றுக் கட்டு. இலை சருகெல்லாம் அள்ளிப் போட்டு ஒரு கல்லை விட்டுப் பார்த்தார், தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. "அந்தச் சத்தத்தில்தான் தம்பி, என்ரை காணி எண்டு தெரிஞ்சுது. கிணறு நான் கட்டினது. வாளிக் கயிறு தேய்ச்ச தழும்பு கட்டில் இருந்தது." ரோச் லைற்றை அடித்துக் காட்டினார். கட்டின் உள்விளிம்பில் விரல் நுழையும் ஆழத்துக்கு இரண்டு கோடுகள். பக்கத்தில் மோட்டர் பூட்டியிருக்கிறார், மகன் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பியதாம். ஆனாலும் கட்டின்மேல் ஒரு வாளியும் கயிறும் சுருட்டி வைத்திருந்தது. ஏன் என்று கேட்டேன். "நான் இல்லாத நேரம் ஆரும் வந்தால்?"

பன்னிரண்டாம் நாள் காலை கொக்கிளாய் முகத்துவாரம். 1951இல் பறவைகள் சரணாலயமாக்கிய கடனீரேரி. கரையெங்கும் நாரைகள் ஒற்றைக்காலில். பாலம் வரும் என்று நெடுநாளாகச் சொல்கிறார்கள். மீனவர்கள் படகில் ஏற்றி எங்களை அக்கரை விட்டார்கள், காசு வாங்கவில்லை. படகின் அணியத்தில் வேல். திரும்பிப் பார்க்கையில் வன்னிக் கரை தாழ்ந்து ஒரு பச்சைக் கோடாகிப்போனது. அங்கால் புல்மோட்டை, திரியாய், திருகோணமலை. இன்னும் முப்பத்தைந்து நாளுக்குமேல் கிடந்தது.

ஆனையிறவு முதல் கொக்கிளாய் வரை இந்த வழியோரம் குடியிருக்கிற என் சனத்திடம் ஒன்று கேட்கிறேன். வைகாசி பிறந்ததும் உங்கள் கிணற்றுக் கட்டில் ஒரு வாளியும் கயிறும் வையுங்கள். வயலுக்குப் போகும்போது படலையைக் கொளுவாமல் சாத்திவிட்டுப் போங்கள். மாரிக்கு முதல் படலைக்கு வெளியே ஒரு மருதோ பாலையோ நட்டு, ஆடு கடிக்காமல் ஒரு கூடு கட்டிவிடுங்கள். அடுத்த வருடமும் வேல் வரும்.